வெயில் ஊரில் ஹீட்டர் எதற்கு?

கொழும்பில் பழைய கார் வைத்திருப்பவரிடம் ஹீட்டரைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் சிரிப்புத்தான் பதிலாக வரும். வெள்ளவத்தையில் நள்ளிரவிலும் வியர்க்கிறது; கொட்டாஞ்சேனையில் மின்விசிறி நின்றால் வீட்டுக்குள் இருக்க முடிவதில்லை; இதில் காருக்குள் சூடு எதற்கு? கேள்வி நியாயமாகத் தெரிவதால் கராஜிலும் அதன்படியே காரியம் நடக்கிறது. டேஷ்போர்டுக்குள் ஹீட்டர் ஒழுகினால், அதற்குப் போகும் இரண்டு ரப்பர் ஹோஸ்களையும் கழற்றி ஒன்றோடொன்று பொருத்திவிடுகிறார்கள். எஞ்சின் சூடேறுகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிறார்கள். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் வீட்டுக் குழாயில் பிடித்து ஊற்றுகிறார்கள். மூன்றும் வெவ்வேறு வேலை போலத் தோன்றினாலும் மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் அதைக் குளிர வைப்பதற்கு மட்டுமே, நம்முடையது வெயில் நாடு, ஆகவே குளிர் நாட்டுக்காரன் வைத்த எதுவும் நமக்குத் தேவையில்லை. இந்த நம்பிக்கை தவறானது. எத்தனையோ நல்ல எஞ்சின்களைக் காலத்துக்கு முன்பே கெடுப்பதும் இதுதான்.

இதைப் பேச இப்போது தனிக் காரணம் உண்டு. அந்நியச் செலாவணியைக் காப்பாற்ற 2020 மார்ச்சில் வந்த வாகன இறக்குமதித் தடை, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. நீங்கிய பின்னும் வரியோடு சேர்ந்த விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் இடத்தில் இல்லை. அதனால் எண்பதுகளின் நிசான் சனியும் தொண்ணூறுகளின் டொயோட்டா கொரோல்லாவும் மிட்சுபிஷி லான்சரும் இன்னும் காலி வீதியில் ஓடுகின்றன. அவற்றுக்கு முந்திய மொரிஸ் மைனரும் அங்கங்கே தென்படுகிறது. பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகம் கிடைக்கும் வரை இவை ஓடும். ஆனால் வெடித்த சிலிண்டர் ஹெட்டுக்கு நல்ல மாற்று தேடுவது முன்பு போல் எளிதல்ல. இருப்பதைக் காப்பாற்றுவதே இன்றைக்குச் சிக்கனம். காப்பாற்ற வேண்டுமானால் தண்ணீர் எஞ்சினுக்குள் எந்த வழியாக ஓடுகிறது என்பது கார்க்காரருக்குக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

எஞ்சினில் எரியும் பெற்றோலின் ஆற்றலில் அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்குதான் ஓட்டும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மீதியில் பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் வாங்கிக்கொள்கிறது. அந்தச் சூட்டை அகற்றாவிட்டால் உலோகம் விரிந்து பிஸ்டன் இறுகும். அளவுக்கு மீறி அகற்றினாலும் கேடுதான். எஞ்சின் ஒரு குறிப்பிட்ட சூட்டில், பெரும்பாலான கார்களில் 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரை, வேலை செய்வதற்கென்றே அளவெடுத்துச் செய்யப்பட்டது. அதற்குக் கீழே நின்றால் பெற்றோல் சரியாக ஆவியாகாது, சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவிவிடும். எரியும்போது உண்டாகும் நீராவி எண்ணெயோடு கலந்து வெண்ணிறக் களியாகப் படியும். பெற்றோலும் கூடுதலாகச் செலவாகும். ஆக, அந்த நீரின் வேலை எஞ்சினை ஒரே சூட்டில் நிறுத்தி வைப்பது. வெளியே 32 பாகையாக இருந்தாலும் 2 பாகையாக இருந்தாலும் எஞ்சினுக்குள் வேண்டிய சூடு ஒன்றுதான்.

இதைச் சாதிக்கும் சுற்று எளிமையானது. வோட்டர் பம்ப் நீரை எஞ்சின் பிளாக்குக்குள் தள்ளுகிறது. சிலிண்டர்களைச் சுற்றி மேலேறி, ஹெட்டுக்குள் வால்வுகளின் அருகே மிகச் சூடான இடங்களைத் தொட்டு, நீர் வெளியே வருகிறது. பல கார்களில் வெளியேறும் வாயிலில் தெர்மோஸ்டாட் காவல் நிற்கிறது. ஒரு சிறிய பித்தளைக் குப்பிக்குள் மெழுகு; சூடேறினால் மெழுகு விரிந்து ஊசியைத் தள்ளும், கதவு திறக்கும். பரவலாக உள்ள வகை 82 பாகையில் திறக்கத் தொடங்கி 95 அளவில் முழுதாகத் திறந்திருக்கும். திறந்த பிறகுதான் நீர் ரேடியேட்டருக்குப் போய், ஆறி, அடிக்குழாய் வழியாகப் பம்புக்குத் திரும்புகிறது. கதவு மூடியிருக்கும்போதும் பம்ப் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். நீருக்கு வேறு வழி வேண்டும். அதற்கு இரண்டு கிளை வழிகள் உண்டு. ஒன்று, பைபாஸ் எனப்படும் குறுக்குவழி. மற்றது ஹீட்டர்.

ஹீட்டர் கோர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர். தடித்த புத்தகம் ஒன்றின் பருமன் இருக்கும். மெல்லிய தட்டைக் குழல்கள், அவற்றுக்கிடையே நெளிந்த உலோகத் தகடுகள். ஹெட்டின் பக்கமிருந்து சூடான நீரை ஒரு ஹோஸ் கொண்டுவரும். இன்னொன்று அதைப் பம்பின் வாய்க்கே திருப்பி அனுப்பும். பின்னால் ஒரு மின்விசிறி ஊதினால் சூடான காற்று உள்ளே வரும். சில கார்களில் நீர் வரும் வழியிலேயே ஒரு திறப்பு இருக்கும். டேஷ்போர்டில் நெம்புகோலைத் தள்ளும்போது கம்பி இழுத்து அதைத் திறக்கும். வேறு சிலவற்றில் நீர் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க, காற்றை மட்டும் ஒரு மடிப்புத் தகடு திசைதிருப்பும். மொரிஸ் மைனரின் கதை இங்கே பொருத்தமானது. 1948இல் வெளிவந்த மைனரில் வோட்டர் பம்பே கிடையாது. சூடான நீர் மேலேறும், ஆறிய நீர் கீழிறங்கும் என்ற இயற்கை ஓட்டத்தையே நம்பியிருந்தது. உள்ளே ஹீட்டர் பொருத்தும் வசதி தர வேண்டும் என்று வந்தபோதுதான், 1950இல், அதற்குப் பம்ப் வைத்தார்கள். ஹீட்டர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட அலங்காரப் பொருள் என்று நினைப்பவர் இதைக் கவனிக்க வேண்டும்: பம்ப் வைத்த சுற்றில் அதுவும் ஒரு பாதை, அதை மாற்றினால் சுற்று முழுவதும் மாறும்.

அப்படியானால் கொழும்புக் கார்களில் முதலில் ஒழுகுவது ஏன் இந்தக் கோராக இருக்கிறது? காரணம் அதன் அமைப்பிலும் நம் பழக்கத்திலும் இருக்கிறது. அதன் குழல்கள் மிகக் குறுகலானவை. நெம்புகோல் எப்போதும் குளிர்ப் பக்கமே இருப்பதால், திறப்பு உள்ள கார்களில் ஆண்டுக்கணக்காக ஒரே நீர் அதற்குள் அசையாமல் கிடக்கிறது. துருவும் கசடும் அங்கே அடைகின்றன. நீர் என்று நாம் ஊற்றுவதும் வெறும் நீரல்ல. கொழும்புக் குழாய்களுக்கு நீர் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் களனி ஆற்றிலிருந்தும் வருகிறது. குடிக்கத் தகுந்ததாக்கக் குளோரின் சேர்க்கிறார்கள். வறட்சியில் ஆறு இளைத்தால் கடல்நீர் மேலேறாமல் இருக்க அம்பத்தலேயில் தடுப்பே வைக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்துக்குப் போய்வரும் கார்கள் வழியில் நிரப்பும் கிணற்று நீர் இன்னொரு விதம். சுண்ணக்கல்லின் மேல் நிற்கும் அந்த மண்ணின் நீர் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதை வடக்கில் எல்லா வீடும் அறியும். கேத்தலைச் சுரண்டிக் கழுவலாம். ஹீட்டர் கோரின் குழலுக்குள் கை போகாது. இதற்கு மேல், எஞ்சினில் வார்ப்பிரும்பு, அலுமினியம், செம்பு, பித்தளை, ஈயப் பற்றவைப்பு என்று பல உலோகங்கள் ஒரே நீரில் நனைகின்றன. உப்புக் கலந்த சூடான நீரில் இரு உலோகங்கள் நின்றால் அது மின்கலத்தைப் போல வேலை செய்யும். ஒன்று மற்றொன்றைத் தின்னும். அலுமினியம் பெரும்பாலும் தின்னப்படும் பக்கமாக இருக்கும்.

ஆகவே ஹீட்டர் கோர் ஒழுகும்போது அது சுற்று முழுவதும் அரிக்கப்படுவதைச் சொல்கிறது. அதே நீர் வோட்டர் பம்பின் தகடுகளையும், ஹெட்டின் நீர்வழிகளையும், ரேடியேட்டரின் குழல்களையும் தொட்டுக்கொண்டுதான் ஓடுகிறது. மெல்லிய சுவர் முதலில் உடைந்தது, அவ்வளவே. கோரை மட்டும் சுற்றிலிருந்து வெட்டிவிட்டு, அரித்த அதே நீரை மறுபடி ஊற்றி அனுப்பினால், எச்சரிக்கை கொடுத்தவனின் வாயைக் கட்டியதுதான் மிச்சம். அடுத்த ஒழுக்கு டேஷ்போர்டுக்குள் வராது. ஹெட் கேஸ்கட்டில் வரும், செலவு பல மடங்காகும்.

இங்கே முதல் மறுப்பு எழும். கூலன்ட் என்பது நீர் உறையாமல் இருக்கப் போடும் மருந்து, கொழும்பில் நீர் உறையப் போவதில்லை, பிறகு எதற்கு அந்தச் செலவு? கூலன்டில் பெரும்பங்கு எதிலீன் கிளைக்கோல். நீரோடு சரிபாதி கலந்தால் சைபருக்குக் கீழே 37 பாகை அளவு வரை உறையாது என்பது உண்மை. அந்தக் குணம் நமக்குத் தேவையில்லை. ஆனால் அந்தப் புட்டியில் இன்னும் இரண்டு விடயங்கள் இருக்கின்றன. ஒன்று, உலோக அரிப்பைத் தடுக்கும் மருந்துகள். அளவில் சிறியவை, வேலையில் முதன்மையானவை. உறைபனியே இல்லாத நாட்டுக்கும் அரிப்பு உண்டு, சூடும் ஈரமும் கடற்காற்றும் சேர்ந்த ஊரில் சொல்லவே வேண்டாம். மற்றது, கொதிநிலை. வெறும் நீர் கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும். சரிபாதிக் கலவை ஏறத்தாழ 107இல். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தை ஏற்றிக் கொதிநிலையை இன்னும் உயர்த்துகிறது. ஜப்பானியக் கார்களின் 0.9 என்று அழுத்தம் குறித்த மூடி சரியாக வேலை செய்தால் வெறும் நீரே 118 வரை தாங்கும், கலவை 125ஐயும் எட்டும். மலையேறினால் காற்றழுத்தம் குறைந்து கணக்கு மாறுகிறது. 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் திறந்த பாத்திரத்து நீர் 94 பாகையிலேயே கொதிக்கும். மூடியின் ரப்பர் தேய்ந்த கார், வெறும் நீரோடு றம்பொடை வளைவுகளில் ஏறும்போது ஆவி கக்குவதற்குக் காரணம் இதுவே.

விடயம் தெரிந்தவர் அடுத்த மறுப்பைக் கொண்டுவருவார்: சூட்டைச் சுமப்பதில் கூலன்டைவிட நீரே வலியது அல்லவா? ஆம். ஒரு கிலோ நீரை ஒரு பாகை சூடாக்க 4.18 கிலோஜூல் வேண்டும். சரிபாதிக் கலவைக்கு ஏறத்தாழ 3.5 போதும். அதாவது அதே அளவு ஓட்டத்தில் கலவை 15 சதவீதம் போலக் குறைவாகச் சுமக்கிறது. நீர் சேர்க்காமல் முழுக் கூலன்டை ஊற்றுபவர்கள் காரை இன்னும் சூடாக்குவது இதனால்தான். ஆனால் இந்த வேறுபாட்டையும் கணக்கில் வைத்துத்தான் ரேடியேட்டரின் அளவைத் தீர்மானிக்கிறார்கள். துரு அடைத்த ரேடியேட்டர் இழக்கும் திறனோடு ஒப்பிட்டால் இந்த 15 சதவீதம் சிறியது. உறைபனி இல்லாத நமக்குச் சரிபாதி கட்டாயமும் இல்லை. மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், மீதி பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் என்று வைத்தாலும் அரிப்புக்குப் பாதுகாப்பு கிடைக்கும், சூடு சுமக்கும் திறனும் பெரிதாகக் குறையாது. நிறத்தை நம்பிக் கலக்கக் கூடாது என்பது மட்டும் முக்கியம். பச்சையும் சிவப்பும் தரத்தின் அடையாளமல்ல, மருந்து வகை மாறினால் ஒன்றையொன்று கெடுக்கவும் கூடும்.

மூன்றாவது மறுப்பு அனுபவத்தின் குரலில் வரும். அப்பாவின் மைனர் ஐம்பது வருடம் கிணற்றுத் தண்ணீரில் ஓடியதே, அதற்கு என்ன ஆனது? மைனரின் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, ரேடியேட்டர் செம்பும் பித்தளையும், நீர்வழிகள் அகலமானவை, ஓட்டமும் மெதுவானது. துரு பிடித்தாலும் தாங்குவதற்கு உலோகம் மிச்சம் இருந்தது, அடைத்த ரேடியேட்டரைத் திறந்து கம்பி விட்டுக் குத்திப் பற்றவைக்கவும் கைவினைஞர் இருந்தார்கள். பிறகு வந்த ஜப்பானியக் கார்களின் கதை வேறு. இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட். இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை, இடையில் ஒரு மெல்லிய கேஸ்கட். ஒரு தடவை மிஞ்சிச் சூடேறினாலே ஹெட் வளையும். மைனர் மன்னித்ததைச் சனி மன்னிக்காது. மைனர்க்காரருக்கும் ஒரு சொல்: ஈயப் பற்றவைப்பு உள்ள பித்தளை ரேடியேட்டருக்கு அதற்கேற்ற பழைய வகைக் கூலன்டைக் கேட்டு வாங்குவது நல்லது.

தெர்மோஸ்டாட்டைப் பற்றிய சாட்சியம் செய்த நிறுவனங்களிடமிருந்தே கிடைக்கிறது. நிசான் தன் எஞ்சின்களுக்கு மூன்று வகை தெர்மோஸ்டாட்டைக் குறிப்பிட்டது: குளிர் நாட்டுக்கு 88 பாகையில் திறப்பது, மிதமான நாட்டுக்கு 82, வெப்ப நாட்டுக்கு 76.5. வெப்ப நாட்டுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம் என்று நினைத்திருந்தால் மூன்றாவதைச் செய்திருக்க மாட்டார்கள். டொயோட்டாவின் பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் பம்பின் வாய்ப் பக்கம் இருக்கிறது. ரேடியேட்டர் வழியைத் திறக்கும் அதே அசைவில் அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடுகிறது. அதைக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்திருக்கும். சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வரும். குளிரட்டும் என்று கழற்றியது காலி வீதி நெரிசலில் இன்னும் சூடாக்கிவிடும். பழுதான தெர்மோஸ்டாட் எஞ்சினைக் கொல்லும் என்பது சரிதான். அதற்கு மருந்து புதிய தெர்மோஸ்டாட். பழையதைக் கொதிநீரில் போட்டுப் பார்த்தால் திறக்கிறதா என்று கண்ணாலேயே தெரியும்.

ஹீட்டரை வெட்டுவதற்கு ஆதரவாக உள்ள வலுவான காரணத்தையும் மறைக்கக் கூடாது. கோரை எடுக்க டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டும். பாகத்தின் விலையைவிடக் கூலி அதிகம். பிரிக்கும்போது பழைய பிளாஸ்டிக் உடையும். போதாததற்கு, ஏசியின் குளிர் கோருக்கு அடுத்தாற்போலவே ஹீட்டர் கோர் இருப்பதால், திறப்பு சரியாக மூடாத காரில் குளிர்ந்த காற்று மறுபடி சூடாகித்தான் முகத்தில் படும். ஒழுகும் கோரோடு வீதியில் போக முடியாதவர் இரு ஹோஸ்களையும் இணைப்பது ஏற்கத்தக்க தற்காலிக வழிதான். ஆனால் முறை உண்டு. கோரின் குறுகல் தந்த தடை போய், அகலமான குழாய் வழியே நீர் தாராளமாகப் பம்புக்குத் திரும்பினால் ரேடியேட்டருக்குப் போக வேண்டிய ஓட்டம் குறையும். ஆகவே இணைப்பின் நடுவே சிறு துளையுள்ள தடை ஒன்று வேண்டும். இரண்டு முனையையும் முழுதாக அடைப்பது, ஹீட்டரிலிருந்து திரும்பும் சூடான நீரைத் தொட்டுத் தெர்மோஸ்டாட் திறக்கும் எஞ்சின்களில் தீங்கு. வெட்டிய அன்றே நீர் முழுவதையும் வடித்து, சுற்றைக் கழுவி, கூலன்ட் நிரப்ப வேண்டும். வடித்ததைத் திறந்த தட்டில் விடக் கூடாது. அது இனிக்கும் நஞ்சு, தெருநாயும் குழந்தையும் வாய்வைக்கும்.

வெட்டுவதற்கு முன் உண்மையிலேயே ஒழுகுவது ஹீட்டர்தானா என்று பார்ப்பதும் அவசியம். இடது முன் இருக்கையின் கீழ் விரிப்பு நனைந்திருந்தால் உடனே கோரைக் குற்றம் சொல்கிறார்கள். ஏசி நீர் வடியும் குழாயில் தூசி அடைத்தாலும் அதே இடம்தான் நனையும். வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். ஏசி நீர் நிறமற்றது, மணமற்றது, விரலில் வழுக்காது. கூலன்டானால் நிறம் ஒட்டும், பிசுபிசுக்கும், இனிப்பு மணம் வரும். முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய் பூசியது போல் மங்கும். குழாய் நீர் ஊற்றிய காரானால் துணியில் செம்பழுப்புக் கறை விழும். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, கூடவே கூடாது.

இணைப்பில் இருக்கும் ஹீட்டர் நெருக்கடியிலும் உதவும். கடுகண்ணாவை ஏற்றத்தில் சூட்டுமானி சிவப்பை நெருங்கினால் ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுதாகத் திறந்து அதன் விசிறியை உச்சத்தில் வைக்கலாம்; சில கிலோவாட் சூடு உடனே வெளியேறும், வண்டியை ஓரங்கட்ட அவகாசம் கிடைக்கும். மானி மேலே இருக்க, ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் அது இன்னும் பெரிய செய்தி: நீர் தீர்ந்துவிட்டது அல்லது ஓடவில்லை. அந்த நொடியே எஞ்சினை நிறுத்த வேண்டும். நீர் இறங்கி மானியின் உணரி வெறும் ஆவியில் நிற்கும்போது மானி பொய் சொல்லும். ஹீட்டர் பொய் சொல்லாது. எப்படியானாலும் சூடான மூடியைத் திறக்கக் கூடாது, அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும்.

எனவே கராஜில் “ஹீட்டர் நமக்கு எதுக்கு சேர், வெட்டி விடுவமா?” என்று கேட்டால் சரி என்று தலையாட்டாதீர்கள். எதனால் ஒழுகியது என்று கேளுங்கள். தெர்மோஸ்டாட் இருக்கிறதா, எத்தனை பாகை என்று கேளுங்கள். மூடியின் ரப்பரைக் காட்டச் சொல்லுங்கள். எஞ்சின் ஆறிய பின் ரேடியேட்டருக்குள் எட்டிப் பாருங்கள், நீர் தேயிலைச் சாயம் போலத் தெரிந்தால் வடிக்கும் நேரம் கடந்துவிட்டது. புட்டியில் வேறு காலம் எழுதியிராவிட்டால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூலன்டை மாற்றுங்கள். ஹீட்டர் நல்ல நிலையில் இருந்தால், மாதம் ஒரு தடவை ஐந்து நிமிடம் திறந்து அதற்குள் புதிய நீர் ஓடவிடுங்கள். வியர்க்கும்தான், ஹெட்டைக் கழற்றும் செலவோடு ஒப்பிட்டால் அந்த வியர்வை மலிவு.